மூன்கேக் வெட்டிய திங்கட்கிழமை

நான் வேலை செய்த கந்தோரில் வருடத்துக்கு எத்தனை கொண்டாட்டம் என்று ஒருமுறை காரில் இருந்தபடி விரல் விட்டு எண்ணினேன். ஆட்கள் பதினொரு பேர், ஆகவே பிறந்தநாள் பதினொன்று. நவம்பரில் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு குதிரைப் பந்தயம் பார்க்கும் நாள். டிசம்பரில் களஞ்சியத்து வாசலில் இறைச்சி சுடும் கிறிஸ்மஸ். கம்பனி தொடங்கிய நாள். சீனர்களின் நிலாப் பண்டிகை. எல்லாவற்றுக்கும் மேலே சீனப் புதுவருட விருந்து. மெல்பேர்னின் வெஸ்ட்கேட் பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்ற ஒரு காலையில் இதை எண்ணினேன். எண்ணி முடித்தபோதும் கார் அதே இடத்தில்தான் நின்றது.

2010இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். குளியலறைக் குழாய்களும் வாஷ்பேசின்களும் சீனாவிலிருந்து கப்பலில் எடுப்பித்து, மெல்பேர்னில் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கும் சின்னக் கம்பனி. மல்கிரேவில் வரிசையாக நிற்கும் ஒரே மாதிரியான கட்டடங்களில் ஒன்றில் இருந்தது. எந்தக் கப்பலில் என்ன வருகிறது, எந்தக் கடைக்கு என்ன போகவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. நாங்கள் குடியிருந்தது வெரிபீயில், நகரத்தின் மறு கோடியில். வாடகை அங்கேதான் கட்டுப்படியானது. காலையில் ஒன்றரை மணித்தியாலம், மாலையில் அதற்குக் கொஞ்சம் கூட. அந்த மூன்று வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது முன்னால் போகும் காரின் சிவப்பு லைட்தான்.

முதல் மாதத்தில் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குக் கேக்கைச் சரிசமனாகப் பதினொரு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. அதற்குப் பிறகு கேக் என்றால் கத்தி என் கையில். கத்தியிலிருந்து பலூன், பலூனிலிருந்து வாழ்த்து அட்டை, பிறகு விருந்து மண்டபம் பதிவு செய்வது என்று ஒவ்வொன்றாக என் தலையில் கட்டினார்கள். எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் கணவர் படிக்க வந்தவர். அவருடைய படிப்பை நம்பித்தான் நாங்கள் வந்தோம். இடையில் சட்டம் மாறி, அந்தப் படிப்பால் இங்கே தங்க முடியாது என்றாகிவிட்டது. அப்போது என் முதலாளிதான் எனக்கு வேலை விசா எடுத்துத் தந்தார். அந்த விசாவோடு இரண்டு வருடம் அவரிடமே வேலை செய்தால், நிரந்தர விசாவுக்கு அவர் ஒரு கடிதம் தரலாம். தராவிட்டால் வேறொரு முதலாளியைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். என் கணவர், மகள், நான், மூன்று பேருடைய இருப்பும் அந்த ஒரு கையெழுத்தில் நின்றது. ஆகவே பலூன் ஊதினேன்.

முதலாளி வட சீனாவிலிருந்து வந்த பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குக் கொண்டாட்டம் என்பது வேலையின் ஒரு பகுதி. சேர்ந்து சாப்பிட்டுச் சேர்ந்து சிரிக்காத கந்தோர் உருப்படாது என்பது அவர் எண்ணம். எனக்கோ வேலை முடிந்தால் வீட்டுக்குப் போனால் போதும்.

முதல் சீனப் புதுவருடத்தன்று, நல்ல நாள்தானே என்று வெள்ளனவே போய்க் கந்தோர் முழுவதையும் கூட்டித் துடைக்கத் தொடங்கினேன். களஞ்சியத்தில் வேலை செய்யும் மலேசியச் சீனர் ஓடிவந்து தும்புத்தடியைப் பறித்தார். அவர் கிள்ளானில் தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்தவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார், ஆனால் வயதில் எனக்கு மூத்தவர்.

“அக்கா, இன்றைக்குக் கூட்டக்கூடாது லா. வருசத்து அதிர்ஷ்டம் எல்லாம் வெளியே போயிடும்” என்றார், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும்.

நான் ஏற்கெனவே பாதி அதிர்ஷ்டத்தைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். அவர் யாருக்கும் தெரியாமல் அதைத் திருப்பி நிலத்தில் கொட்டிவிட்டார்.

அந்த வருட விருந்தில் ஒவ்வொருவரும் மேடையேறி ஏதாவது செய்யவேண்டும் என்றார்கள். அது அங்கே வழமையாம். எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு என்று பார்த்தால் தேவாரம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடினேன். வறுத்த வாத்துக்கும் பியர் போத்தல்களுக்கும் நடுவில் எல்லோரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். அடுத்த வருடம் முதலாளி, “அதே பாட்டு, ஆனால் இன்னும் கொஞ்சம் வேகமாக” என்று கேட்டார். வேகமாகவே பாடினேன். இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு பதிகத்தை யாரும் பாடி முடித்திருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 2012 செப்டெம்பரைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

பூரணைக்கு முதல் நாள், ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் அப்பா போய்விட்டார். தமையன்தான் போன் எடுத்துச் சொன்னார். நான் வாறன், டிக்கெட் பார்க்கிறன் என்று அழுதுகொண்டு சொன்னேன்.

“நீ வந்து என்ன செய்யப்போறாய்? நாளைக்கே எடுக்கப்போறம். நீ பிளேன் ஏறேக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்” என்றார் தமையன்.

என் கணவர் பக்கத்தில் நின்றார். “லீவு கேக்கிறதெண்டால் கேளும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை” என்று மெதுவாகச் சொன்னார். “ஆனா கடிதத்துக்கு இன்னும் நாலைஞ்சு மாசந்தான் கிடக்கு. இப்ப ஒரு மாசம் ஊரில நிண்டு வந்தால் முதலாளி மனிசி என்ன நினைப்பாவோ தெரியாது.”

அவர் சொன்னது என் மனதிலும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேறு யாராவது என்னைத் தடுத்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன். ஒருவரும் தடுக்கவில்லை. நானே போகவில்லை.

திங்கட்கிழமை கந்தோரில் நிலாப் பண்டிகை. மூன்கேக் என்று, உள்ளங்கை அளவில் வட்டமான பணியாரம், உள்ளே தாமரை விதைக் களியும் உப்பிட்ட முட்டைக் கருவும் இருக்கும். அதைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பகிர்ந்து உண்பார்கள். முதலாளி பெட்டிகளை என் மேசையில் வைத்து, “ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டு, எட்டு நல்ல எண்” என்றார். வெட்டினேன். சாவுத் துடக்கோடு நின்று, அப்பா எரிந்து ஒரு நாள் ஆகாத கையால் வெட்டி, ஒவ்வொருவருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்து, ஹாப்பி மூன் ஃபெஸ்டிவல் என்றும் சொன்னேன். பிறகு மலசலகூடத்துக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எங்கள் கம்பனிக் குழாய்தான்.

எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாள் காரியம் எல்லாம் ஊரில் தமையன் செய்தார். அந்த ஒரு மாதத்தில் இங்கே இரண்டு பிறந்தநாள் வந்தது. இரண்டு கேக்கையும் நான்தான் வெட்டினேன். அப்பாவின் படத்தைக்கூட அச்சடித்துச் சுவரில் மாட்டவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளிப் போட்டேன். வேலை முடிந்து வெரிபீக்கு வந்து சேர்ந்தால் சோறு வடிக்கவே உடம்பு சொல் கேட்பதில்லை.

டிசம்பரில் கிறிஸ்மஸ் பார்பிகியூ நடந்துகொண்டிருந்தபோது முதலாளிக்கு ஒரு போன் வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து அவர் இல்லை. ஃபேக்டரிகளைப் பார்க்கச் சீனாவுக்குப் போயிருக்கிறார் என்று ஈமெயில் வந்தது. ஐந்து கிழமை. எங்களையெல்லாம் கொண்டாடச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் தப்பிவிட்டார் என்று அன்றைக்கு மிஞ்சிய சோசேஜ்களை அள்ளிக் கொட்டும்போது மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

திரும்பி வந்தபோது தாயையும் கூட்டி வந்திருந்தார். புதுவருட விருந்து அந்த முறை சனிக்கிழமை மதியம், கிளென் வேவர்லியில் ஒரு சீன உணவகத்தில். கஸ்டமர்களையும் அழைத்திருந்தார்.

“என் அம்மா முதன்முதல் வந்திருக்கிறார்” என்றார் என்னிடம். “அவரை வரவேற்க ஏதாவது இந்திய முறையில் செய். பாட்டு வேண்டாம்.”

நான் இலங்கை என்று முதல் வருடத்தில் ஐந்தாறு தரம் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். “கடிதம்?” என்று கேட்டேன். இரண்டு வருடம் அந்த மாதம்தான் நிறைந்திருந்தது.

“விருந்து முடியட்டும். அன்றைக்கே கொண்டுவா, கையெழுத்து வைக்கிறேன்” என்றார்.

வரவேற்பு என்றால் மாலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தாலும் மாலை, மாப்பிள்ளை வந்தாலும் மாலை. வெரிபீ சுப்பர்மார்க்கெட் வாளியில் அன்றைக்கு நிறப்பூ ஒன்றும் நல்லதாக இல்லை. வெள்ளைச் செவ்வந்தி மட்டும் வாடாமல் கொள்ளை அழகாக இருந்தது. கோயிலுக்குக் கட்டுவது போல நெருக்கி, கனமாகக் கட்டினேன். காலை முழுக்கக் குசினி மேசையில் பூவும் நூலும்தான்.

“மாலை நல்லாத்தான் வந்திருக்கு” என்றார் கணவர். “கடிதத்தை எடுத்து வைச்சனீரோ?”

“ஓமப்பா, ஹான்பேக்கில இருக்கு.”

அந்த மண்டபத்தில் எல்லாம் சிவப்பு. மேசை விரிப்பு சிவப்பு, கதிரை உறை சிவப்பு, முதலாளியின் சட்டை சிவப்பு. தாய்க்கும் புதுச் சிவப்புச் சட்டை போட்டு நடு மேசையில் இருத்தியிருந்தார். சின்ன உருவம், நரைத்த தலை. எல்லோரும் அமர்ந்ததும் முதலாளி கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். ஐஸ்பெட்டியிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு போய், குனிந்து, இரண்டு கையாலும் அந்த அம்மாவின் கழுத்தில் போட்டேன். போட்டுவிட்டுக் கும்பிட்டேன்.

ஒருவரும் கைதட்டவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். கிளாஸைத் தூக்கிய கஸ்டமர் ஒருவர் அதைக் கீழே வைத்தார். அந்த அம்மா குனிந்து பூக்களைப் பார்த்தார், ஒன்றைத் தொட்டார், பிறகு சீன மொழியில் ஏதோ ஒரு வசனம் சொன்னார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முதலாளி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போனார். என்ன செய்தேன் என்று தெரியாது, ஆனால் பெரிதாக ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. கதிரைக்குக் கீழே ஹான்பேக்குக்குள் கடிதம் கிடந்தது.

பரிசுப் பெட்டிகளோடு அப்போதுதான் உள்ளே வந்த மலேசியக்காரர் மாலையைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு என்னை மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார்.

“அக்கா, வெள்ளைச் செவ்வந்தி செத்த வீட்டுக்கு வைக்கிறது.”

“ஐயோ, எனக்குத் தெரியாதே.”

“எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு. இன்னொன்று இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “மேடத்தோட அப்பா டிசம்பர்ல தவறிட்டார். பார்பிகியூ அன்றைக்கு வந்த போன் அதுதான். அன்றைக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னாங்க.”

அந்த அம்மாவுக்கு நான் போட்டது, புருஷன் செத்து இரண்டு மாதத்தில் ஒரு சாவு மாலை. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு முதலாளியைத் தேடிப் போனேன்.

கார் நிறுத்துமிடத்தில் தன் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். பெப்ரவரி வெயில் தாரில் கொதித்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றார் என்னைப் பார்க்காமல்.

“இல்லை. இப்போதுதான் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் விருந்தாளிக்குப் போடும் மாலை அது. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“கந்தோரில் வேறு ஒருவருக்கும் தெரியாது” என்றார். “துக்க வீட்டை வைத்துக்கொண்டு புதுவருடம் கொண்டாடக்கூடாது. ஆனால் விருந்து வைக்காவிட்டால் கஸ்டமர் ஏன் என்று கேட்பான். சொன்னால் புதுவருடத்தில் எங்களோடு வியாபாரம் செய்யத் தயங்குவான். அதனால் அம்மாவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக் கூட்டி வந்தேன். வரமாட்டேன் என்றார். நான்தான் போடவைத்தேன்.”

நான் அதைச் சொல்ல நினைத்துப் போகவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. “என் அப்பாவும் போய்விட்டார். செப்டெம்பரில். மூன்கேக்குக்கு இரண்டு நாள் முன்னர்.”

இப்போது திரும்பிப் பார்த்தார்.

“நீ அன்றைக்கு வேலைக்கு வந்தாய். எல்லாவற்றையும் வெட்டினாய்.”

“நீங்கள் எட்டாக வெட்டச் சொன்னீர்கள்.”

“ஏன் சொல்லவில்லை? நான் உன்னை அனுப்பியிருப்பேனே.”

“கடிதத்தில் நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது.”

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் அவர் முகம் மாறியது. தான் கஸ்டமருக்குப் பயந்தது போல ஒருத்தி தனக்குப் பயந்திருக்கிறாள் என்பது அவருக்கு அதுவரை தோன்றியிருக்காது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

உள்ளே மீனும் வாத்தும் வந்திருந்தது. மலேசியக்காரர் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார் அந்த அம்மா. என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

“இவ்வளவு நெருக்கமா யார் கட்டினதுன்னு கேக்கிறாங்க” என்றார் மலேசியக்காரர். “இதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழவர் படத்துக்கு முன்னால வைக்கப்போறாங்களாம். மகள் படத்தை அறைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்களாம், இன்றைக்கு வெளியே எடுக்கச் சொல்லப்போறாங்களாம்.”

எங்களிடமும் படத்துக்குப் போடுவது மாலைதான் என்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே என் கையைத் தட்டிக்கொடுத்தார். என் அப்பாவின் படம் இன்னும் போனுக்குள்தான் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

விருந்து முடிவில் குலுக்கிய அதிர்ஷ்டச் சீட்டில் எனக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு. கடிதத்தை வெளியே எடுக்க மனம் வரவில்லை. முதலாளியும் கேட்கவில்லை.

“கையெழுத்து வைச்சவவோ?” என்று வீட்டு வாசலிலேயே கேட்டார் கணவர்.

“இல்லை” என்று ரைஸ் குக்கரை அவரிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அன்று பின்னேரம் கடைக்குப் போய் அப்பாவின் படத்தை அச்சடித்தேன். மிஞ்சிக் கிடந்த செவ்வந்தியில் ஒரு சின்ன மாலை வந்தது.

திங்கட்கிழமை காலை கடிதத்தை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. இனி இது நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு கம்பனி, இன்னொரு இரண்டு வருடம், அங்கேயும் யாராவது கத்தியைக் கையில் தருவார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கடிதம் என் மேசையில் இருந்தது. கையெழுத்து வைத்திருந்தது. அதன் மேலே இன்னொரு தாள். கந்தோர் லீவுப் படிவம். என் பெயர் எழுதி, கீழே அவர் கையெழுத்தும் வைத்து, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நான் போகவேண்டிய நாள் ஐந்து மாதத்துக்கு முன்னர் போய்விட்டது. எந்தத் தேதியை எழுதினாலும் அது இல்லை. பிறகு தமையனுக்குப் போன் எடுத்து, அப்பாவின் ஆட்டைத்திவசம், முதல் வருடத் திதி, எந்த நாளில் வரும் என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, புரட்டாதிப் பூரணைக்கு முதல் நாள் என்றார். சுவரில் தொங்கிய சீனக் கலண்டரை எழும்பிப் போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது, நிலாப் பண்டிகை. அவர்களும் எங்களைப் போல நிலவைப் பார்த்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். இனி அநேகமாக ஒவ்வொரு வருடமும் மூன்கேக்கும் அப்பாவின் திவசமும் சேர்ந்தேதான் வரும்.

அந்தக் கிழமைக்கு முன்னும் பின்னுமாக மூன்று கிழமை எழுதினேன். படிவத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சரி” என்றார். “இந்த முறை நான் வெட்டுகிறேன்.”